மச்சத்தை விட்ட பிறகு சட்டியில் என்ன வைப்பது? வன்னி வீடுகளுக்கு ஒரு சைவ உணவு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் சைவச் சாப்பாடு எவருக்கும் புதிது இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் சட்டி பானை மாறும். கந்தசஷ்டி ஆறு நாள், புரட்டாதிச் சனி, ஆடி அமாவாசை, வற்றாப்பளைப் பொங்கல் என்று வருடத்தில் எத்தனையோ நாள் மச்சம் ஏறாத அடுப்புகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கின்றன. அதனால் முழுதாகச் சைவத்துக்கு மாற நினைக்கிறவர்கள், இதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கந்தசஷ்டிப் பாரணைக்குப் பிறகு இனி மச்சம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சித்திரை பிறப்பதற்குள் தலைசுற்றல் தொடங்கிவிட்டது. கிணற்றில் நாலு வாளி அள்ளினால் மூச்சு வாங்கியது. கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.4. அந்தத் துண்டைப் பார்த்த தாதி ஒரு கேள்விதான் கேட்டார்: "அக்கா, நேற்று விடிய இருந்து இரவு வரைக்கும் என்ன சாப்பிட்டனீங்கள்?"

யோசித்துச் சொன்னேன். காலையில் இடியப்பமும் சொதியும். மத்தியானம் சோறு, தண்ணியாக ஒரு பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பப்படம். இரவு புட்டும் வாழைப்பழமும். இடையில் மூன்று தேத்தண்ணி.

"இது விரதச் சாப்பாடு அக்கா. ஆறு நாளைக்குச் சரி. ஆறு மாசத்துக்கு உடம்பு தாங்குமோ?" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. விரதத்தில் நாங்கள் சட்டியிலிருந்து மீனை எடுக்கிறோம், அந்த இடத்தில் வேறொன்றும் வைப்பதில்லை. ஓரிரு நாளுக்கு அது உடம்புக்கு நல்லது. வாழ்நாள் முழுக்க அப்படிச் சாப்பிட்டால் உடம்பு வற்றும். மீன் போன இடத்தில் எதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்க முதல்: எல்லையும் ஒரு சோதனையும்

பாலும் தயிரும் சேர்ப்பீர்களா, முட்டை சேர்ப்பீர்களா என்பதை முதலில் தெளிவாக முடிவு செய்யுங்கள். எங்கள் ஊரில் முட்டையும் மச்சம்தான். உடல்நலத்துக்காக மாறுகிறவர் முட்டையை வைத்துக்கொள்ளலாம். அது அவரவர் மனதுக்கு விட்ட விஷயம். ஆனால் முட்டையோடு பாலையும் கைவிடுகிறவர் பின்னால் விற்றமின் பி12 பற்றி எழுதியிருப்பதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

அடுத்தது இரத்தச் சோதனை. மாறுவதற்கு முதலே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. நான் இதைச் செய்யாமல் தொடங்கினேன். எனக்குச் சோகை முன்பே இருந்ததா, உணவு மாற்றத்தால் வந்ததா என்று இன்றுவரை சொல்ல முடியாது.

சிலர் டொக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. வவுனியாப் பக்கக் கிராமங்களில் சிறுநீரக நோயாளர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பருப்பு, கீரை, பழம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு; நான் கீழே எழுதும் அளவுகள் அவர்களுக்குப் பொருந்தாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும். சீனி வருத்தத்துக்கு நீண்டகாலம் மெட்ஃபோமின் போடுகிறவர்களுக்கு அந்த மருந்தே பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தங்கள் குடும்பநல மாதுவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் இருந்து மாறுங்கள்

ஒரே நாளில் விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று பலர் கேட்பார்கள். எங்கள் வீடுகளின் காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் ஏற்கெனவே பாதி சைவம்தான். மீன் உட்கார்ந்திருப்பது மத்தியானச் சோற்றுக்குப் பக்கத்தில். எனவே மத்தியானத்தை மட்டும் பிடியுங்கள். முதல் இரண்டு கிழமையில் கிழமைக்கு நாலு மத்தியானம், பிறகு ஆறு, ஒன்றரை மாதத்தில் முழுதும். அந்த இடைவெளியில் பயறும் கௌப்பியும் சமைக்கக் கைக்குப் பழகிவிடும், வயிறும் பழகும். பருப்பு வகையைத் திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவிப்பது, இஞ்சியும் பெருங்காயமும் சேர்ப்பது, நிறையத் தண்ணீர் குடிப்பது இவை மூன்றும் உதவும்.

நாக்கு தேடுவது பெரும்பாலும் மீனை இல்லை, மீன் குழம்பைத்தான். அந்தப் புளி, வெந்தயம், பெருஞ்சீரகம், உள்ளி, எங்கள் கறித்தூள், கடைசியில் விடும் முதற்பால். அந்தக் கூட்டை அப்படியே வைத்து முருங்கைக்காயும் பலாக்கொட்டையும் போட்டுப் பாருங்கள். கத்தரிக்காயைப் பொரித்து, அவித்த கச்சானோடு போட்டுப் பாருங்கள். ஒடியல் கூழும் அப்படித்தான்: பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் அதில் முதலே இருக்கின்றன. நண்டையும் இறாலையும் எடுத்துவிட்டு ஒரு பிடி கௌப்பி போட்டால் கூழ் கூழாகவே இருக்கும். எங்கள் வீட்டில் நந்திக்கடல் இறால் இல்லாமல் கூழா என்று முகம் சுளித்த ஆட்களே பிறகு இரண்டாம் சிரட்டை கேட்டார்கள்.

மீன் இருந்த இடத்தில் பயறு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 55 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு 44 முதல் 55 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். பயறு, உழுந்து, கௌப்பி, மைசூர்ப் பருப்பு எல்லாம் அவிக்காத நிறையில் 100 கிராமுக்கு 22 முதல் 25 கிராம் வரை தரும். கணக்கு நல்லதுதான், அளவில்தான் பிழை விடுகிறோம். ஆறு பேருக்கு ஒரு பிடி பருப்பைப் போட்டு, பாலும் தண்ணியும் விட்டு நீட்டினால் ஒருவரின் கோப்பைக்கு 2 கிராம் புரதம் வந்தால் பெரிது.

நான் இப்போது வைத்திருக்கும் அளவு, நாலு பேருக்கு ஒரு சுண்டு. ஒரு சுண்டு ஏறத்தாழ 200 கிராம். ஆளுக்கு 50 கிராம், அதில் 12 கிராம் புரதம். மத்தியானம் கௌப்பிக் கறியோ பயற்றங்கறியோ இந்த அளவில். இரவில் கெட்டியாகப் பருப்பு ஆளுக்கு 40 கிராம், அது 9 கிராம். ஒரு தம்ளர் பால் அல்லது தயிர், 6 கிராம். பின்னேரம் ஒரு பிடி கச்சான், 7 கிராம். சோறும் புட்டும் சேர்ந்து 12 கிராம் தரும். எல்லாம் கூட்டினால் 46. சோயாமீற் சமைக்கும் நாளில் இன்னும் சுலபம். உலர்ந்த 30 கிராமில் 15 கிராம் இருக்கிறது. ஆனால் பைக்கற்றைத் திருப்பி வாசித்து வாங்குங்கள், சில சுவைத்தூள்களில் மச்சம் கலந்திருக்கும்.

பருப்பு மட்டும் முழுப் புரதம் இல்லை என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் என்ற கூறு அரிசியில் உண்டு. சோறும் பருப்பும், உழுந்தும் அரிசியும் அரைத்த தோசை, பயறு போட்ட புக்கை எல்லாம் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் சேர்மானங்கள். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்றும் இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வயிற்றுக்குப் போனால் போதும்.

இதில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உழுந்துக்கு வவுனியா பேர்போன இடம். முல்லைத்தீவுக் கச்சானைத் தேடி வெளியூரிலிருந்து வாங்குகிறார்கள். அறுவடை நேரத்தில் விதைத்தவரிடமே மொத்தமாக வாங்கி, இரண்டு வெயில் காயவிட்டு, வேப்பம் இலை போட்டு இறுக்கமான வாளியில் மூடி வையுங்கள். கச்சானில் பூஞ்சணம் பிடித்தது, கசப்பது, நிறம் மாறியது எதையும் வறுத்துத் தின்ன வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

உழுத்தங்களி பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பெரியவளானால், பிள்ளைப்பேறு முடிந்தால் அம்மம்மாமார் கிண்டிக் கொடுத்த சாப்பாடு அது. வறுத்து அரைத்த உழுத்தம்மா, கொஞ்சம் அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, மேலே நல்லெண்ணெய். இரத்தமும் தெம்பும் வேண்டிய உடம்புக்கு எது வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சடங்குக்கு மட்டும் ஒதுக்கி வைக்காமல் கிழமைக்கு ஒருநாள் காலையில் கிண்டுங்கள்.

பயற்றை முளைகட்டவும் பழகுங்கள். இரவு ஊறவையுங்கள். விடிய வடித்து, பழைய பருத்தித் துணியில் கட்டிக் குசினி வளையில் தொங்கவிடுங்கள். காலையும் பின்னேரமும் முடிச்சின் மேல் தண்ணீர் தெளித்தால் போதும். அடுத்த நாள் துணியைத் தொட்டால் உள்ளே இளஞ்சூடாக இருக்கும், அவிழ்த்தால் வெள்ளை முளை துணி இழையில் குத்திக்கொண்டு நிற்கும். தானியத்திலும் பருப்பிலும் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைற்றேற் என்ற பொருள் முளைக்கும்போது குறைகிறது, விற்றமின் சி கூடுகிறது. லேசாக ஆவியில் அவித்துத் தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்த்துச் சாப்பிடலாம்.

கீரை, தேசிப்புளி, தேத்தண்ணி

என் 9.4 ஐ ஏற்றியதில் மாத்திரைக்கு ஒரு பங்கு உண்டு. மற்றப் பங்கு வேலி முருங்கைக்கு.

மீன், இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுக்கும். கீரை, பருப்பில் உள்ள இரும்பு அப்படிச் சேராது. அதற்கு ஒரு துணை வேண்டும். துணை என்பது விற்றமின் சி. எங்கள் வறைக்கு இறக்கும்போது தேசிக்காய் பிழிகிறோமே, அதுதான். முருங்கையிலையை உருவி, கழுவி, பொடியாக அரிந்து, தாச்சியில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, இலையும் உப்பும் போட்டு மூன்று நாலு நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். சூடு கொஞ்சம் ஆறின பிறகுதான் புளி விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் விற்றமின் சி வெந்து குறையும், வறையும் கசக்கும். தாச்சி இரும்பாக இருந்தால் இன்னும் நல்லது. புளிப்புச் சேரும் கறிகளில் கொஞ்ச இரும்பு தாச்சியிலிருந்தே இறங்கும்.

பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, குறிஞ்சா, தூதுவளை என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு நாளும் ஒரு கீரை. மாரி மழைக்குப் பிறகு வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் காசில்லாமல் கிடைக்கும் காலம் வரும், விடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம் அல்லது இரண்டு நெல்லிக்காய்.

சரி, இனித் தேத்தண்ணி. சாப்பிட்ட கை காயமுதல் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் எங்களுக்கு. தேயிலையில் உள்ள பொருள் பருப்பின் இரும்பையும் கீரையின் இரும்பையும் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். நான் பட்ட பாட்டில் கடினமான மாற்றம் மீனை விட்டது இல்லை, இதுதான். இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்க வேண்டாம்.

பி12: இதில் சமாதானம் வேண்டாம்

நாம் சாப்பிடும் கீரை, பருப்பு, கிழங்கு, பழம் எதிலும் உடம்புக்கு உதவும் பி12 இல்லை. அது பால், முட்டை, மீன், இறைச்சியில் மட்டும் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், மிகச் சிறிய அளவு. ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம், ஒரு முட்டையில் ஏறத்தாழ அரை. தேத்தண்ணிக்கு விடும் ஒரு கரண்டிப் பால் கணக்கில் வராது. ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் பாலும் ஒரு கோப்பைத் தயிரும் சேர்ப்பவர் ஓரளவு சமாளிப்பார். எருமைத் தயிர் எங்களிடம் நன்றாகக் கிடைக்கிறது, அதை விடாதீர்கள். பால் சேர்க்காதவர், 60 வயது தாண்டியவர், மெட்ஃபோமின் எடுப்பவர் டொக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும்.

ஈரலில் பி12 சேர்ந்து கிடப்பதால் குறைபாடு இரண்டு மூன்று வருடம் கழித்தும் தலைகாட்டும். அதுவரை "நான் நல்லாத்தானே இருக்கிறேன்" என்று நினைப்போம். உள்ளங்கால் விறைப்பு, கால் பதிக்கும்போது தடுமாற்றம், நாக்கு சிவந்து எரிவு, மறதி, காரணமில்லாத சோர்வு என்பன அடையாளங்கள். கீரை நிறையச் சாப்பிடுகிறவருக்கு ஃபோலேற் என்ற விற்றமின் மிகுதியாக இருப்பதால் இரத்தச் சோதனையில் சோகை தெரியாமல் நரம்பு மட்டும் பழுதாகிக்கொண்டு போகலாம். நரம்பில் வந்த பழுது சிலருக்கு முழுதாகத் திரும்பாது. சைவம் சாப்பிடும் வயதானவருக்குக் கால் விறைத்தால் வயது என்று விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

உப்பு, எள், குரக்கன்

கடல் மீனை விட்டவருக்கு அயடின் உப்பிலிருந்துதான் வர வேண்டும். இலங்கையில் 1995 இலிருந்து சமையல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம். ஆனால் உப்பளப் பக்கத்தில் சாக்கில் வரும் கட்டி உப்பில் அது இராமல் போகலாம். அயடின் சேர்த்த பைக்கற் உப்பை வாங்கி, மூடி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

கல்சியத்துக்கு முள்ளோடு மென்ற நெத்தலி இனி இல்லை. பால், தயிர் தவிர எள்ளும் குரக்கனும் நிறையத் தரும். எள் வெள்ளையாக உரித்ததைவிடத் தோலோடு இருப்பதே மேல். எள்ளுருண்டை, குரக்கன் புட்டு, கீரைப் புட்டு. துத்தநாகத்துக்குக் கச்சானும் எள்ளும் பூசணி விதையும் போதும்.

சோற்று மலையும் பொரியலும்

சைவத்துக்கு மாறிச் சீனி வருத்தம் கூடிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கறி குறைந்தால் சோறு கூடும். சோறு போதாவிட்டால் உருளைக்கிழங்குப் பொரியல், வடை, ரோல்ஸ், பாண். சைவம் என்ற பெயரில் மாவும் எண்ணெயும்தான் வயிற்றுக்குப் போகிறது. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு பயறோ பருப்போ, மிச்சக் கால்பங்கு சோறு. சோறும் தவிடு போகாத சிவப்புப் புழுங்கலாக, மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் அதுவாக இருந்தால் நல்லது. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் இந்தக் கணக்கில் சோற்றோடு சேரும், மரக்கறியோடு சேராது.

வெளியிலும் உறவிலும்

ஏ9 வீதியில் பயணம் போகும்போது கடைச் சம்பலைக் கேட்டுச் சாப்பிடுங்கள். சீனிச்சம்பல், கட்டைச்சம்பல் இரண்டிலும் மாசிக் கருவாடு இருக்கக்கூடும். கொத்துரொட்டி போடும் கல் ஒன்றுதான். தூரப் பயணத்துக்கு அவித்த கடலையும் ஒரு பொதி கச்சானும் பையில் இருந்தால் வடையும் தேத்தண்ணியும் என்று முடியாது.

வீட்டில் மற்றவர்கள் மீன் சாப்பிட்டால் அவர்களோடு சண்டை வேண்டாம். சைவக் கறிகளை முதலில் சமைத்து இறக்கிவிட்டு மீன் சட்டியை ஏற்றுங்கள். ஒரு அகப்பை, ஒரு கத்தி, ஒரு பலகை தனியாக இருந்தால் போதும். "உடம்பு வத்திப்போச்சு" என்று பெரியம்மா சொல்வா. அவவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் அவ முன்னால் இருந்து நன்றாகச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகளும் கர்ப்பிணிகளும்

வளரும் பிள்ளையை உங்கள் முடிவுக்குள் அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். சின்ன வயிற்றில் நார் நிறைந்த சாப்பாடு சீக்கிரம் நிரம்பிவிடும், சத்துப் போதாமல் போகும். பிள்ளையும் சைவம்தான் என்றால் பால், தயிர், நெய், நல்லெண்ணெய், தேங்காய்ப்பால், கெட்டிப் பருப்பு ஒவ்வொரு நாளும் வேண்டும். முட்டை கொடுக்க மனம் ஒப்பினால் கொடுங்கள். மாதாமாதம் நிறுத்துப் பதியும் அட்டையில் கோடு படுத்தால் அந்த மாதமே போய்க் கதையுங்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை விடக் கூடாது. சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கிடாமல் தாயே சாப்பிட வேண்டும். பி12 குறைந்த தாயின் பாலிலும் பி12 குறையும், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

மூன்றாம் மாதமும் அதன் பிறகும்

மாறி மூன்று மாதத்தில் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள், எடையையும் பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் காரணமில்லாமல் குறைந்திருந்தால் பருப்பு அளவைச் சுண்டால் அளந்து பாருங்கள். அநேகமாக அங்கேதான் குறை இருக்கும். வருடத்துக்கு ஒருதரம் பி12 சோதனை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அது செய்ய மாட்டார்கள், வெளியில் செய்தால் காசு போகும். ஆனாலும் பால் சேர்க்காதவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

எனக்கு ஏழு மாதத்தில் 12.1 வந்தது. அடுத்த சோதனைத் திகதியைக் குசினிக் கலண்டரில் கந்தசஷ்டி தொடங்கும் நாளுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் மறக்காமல் இருக்க.